மன்னர் நின்ற இடம்

நெடுங்குடை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அது எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் சொல்வது கடினம். அந்த நாட்டில் திசைகளை அறிவிக்கும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டுமே இருந்தது. அரசாங்கம் அவற்றை அவ்வப்போது மாற்றிக்கொண்டும் இருந்தது.

அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகரச் சதுக்கத்தில் ஒரு பெரிய குடத்தை வைப்பார்கள். மக்கள் வரிசையில் வந்து, மன்னரின் பெயர் எழுதிய ஓலையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். வேறு பெயர் எழுத விரும்புகிறவர்கள் அரண்மனைக்கு வந்து மன்னரிடமே எழுத்தாணி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் தாராளமாக இடம் கொடுத்திருந்தது. யாரும் போய்க் கேட்டதில்லை. இப்படியாகத் தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்தான் மாமன்னர் நிலந்தாங்கி.

தலைநகரான நிமிர்கோட்டையில், கிழக்கு வாசல் வீதியில் குருவம்மாள் கூழ் விற்றாள். அவள் புருஷன் இருளப்பன் அரண்மனையின் ஏழாம் அடுக்கு கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனவன். அவன் செத்த அன்று வேலையை நிறுத்தினால் அவன் ஆன்மா வருந்தும் என்று அரண்மனை அறிவித்து, வேலையைத் தொடர்ந்து நடத்தியது. காரியம் முடிந்ததும் குருவம்மாள் ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதிக்கு வந்துவிட்டாள். கேப்பைக் கூழ், கடைந்த மோர், தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும். விடியற்காலையில் சாரத்தில் ஏறப் போகிறவர்கள் அவளிடம் ஒரு தேங்காய்ச் சிரட்டை குடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். வெறும் வயிற்றோடு உயரத்தில் நின்றால் தலை சுற்றும் என்பது அவளுக்கு இருளப்பன் சொல்லித் தெரியும். கையில் காசு இல்லாதவனையும் அவள் குடிக்காமல் போக விட்டதில்லை.

அவளுக்குப் பக்கத்தில் மாசானம் கடலை வறுத்து விற்றான். இருப்புச் சட்டியில் மணலைப் போட்டு அவன் கிளறுகிற சத்தம் கேட்டால்தான் அந்த வீதிக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். அவனுக்கு மனைவி சுடலியும், வயதுக்கு வந்த இரண்டு பெண்களும் உண்டு. குருவம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஒருநாள் மன்னரின் பல்லக்கு அந்த வழியாக வந்தது. வழக்கமாக அது மேற்கு வீதியில் போகும். அன்று அங்கே சாக்கடை உடைத்துக்கொண்டது. கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிடுவதற்குள் பல்லக்கு கொஞ்சம் நிற்க வேண்டியதாயிற்று. மன்னர் திரையை விலக்கிப் பார்த்தார்.

"யார் இவர்கள்?"

"தங்கள் குடிமக்கள், மன்னா" என்றார் வீதியழகுத் துறை அமைச்சர் சொல்லழகர்.

"இங்கே என்ன செய்கிறார்கள்?"

"உணவு அருந்துகிறார்கள்."

"வீதியிலா?" என்று கேட்டுவிட்டு மன்னர் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

அந்த ஒரு சொல்லை அமைச்சரவை பொழுது சாயும் வரை ஆராய்ந்தது. அதன் பயனாகப் பிறந்ததுதான் வீதி வணிகர் நல்வாழ்வுச் சட்டம்.

சொல்லழகர் சதுக்கத்தில் மேடை போட்டு அதை அறிவித்தார். "அன்பார்ந்த வீதி வணிகப் பெருமக்களே! இதுநாள் வரை உங்களை எவரும் கண்டுகொள்ளவில்லை. இனிமேல் அரசு உங்களைக் கண்டுகொள்ளும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். குருவம்மாளும் தட்டினாள். ஆளுக்கொரு செப்பு வில்லை கொடுத்தார்கள். மாசானம் தன்னுடையதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டான்.

"அக்கா, ராசா முத்திரை போட்டிருக்கு பாத்தியா? இனிமே நம்மள எவனும் அசைக்க முடியாது."

அவன் சொன்ன இரண்டாம் நாளே அசைத்தார்கள். வில்லை பெற்ற வணிகர்களுக்கென்று தனியாக ஒரு வளாகம் ஒதுக்கப்பட்டிருந்தது. வடக்குக் கோட்டைச் சுவருக்கு வெளியே, செத்த யானைகளைப் புதைக்கிற மேட்டில் அது இருந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் போக ஒரு காரணமும் கிடையாது. வணிகர்கள் எல்லாரும் அங்கே போய் வரிசையாக உட்கார்ந்து, வெயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசானம் ஒரு சிரட்டை கூழ் குடித்தான். குருவம்மாள் ஒரு கை கடலை வாங்கிக்கொண்டாள். வளாகத்தின் வியாபாரம் அத்தோடு முடிந்தது.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகப் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அப்போதுதான் தண்டநாயகர் வீதிக்கு வந்தார். தண்டநாயகர் என்பது முன்னொரு காலத்தில் படை நடத்துகிறவரின் பதவி. போர் எதுவும் இல்லாததால் இப்போது அவர் தண்டம் வசூலித்து வந்தார்.

"உன் பானை எங்கே இருக்கிறது?" என்று குருவம்மாளைக் கேட்டார்.

"தரையிலதான்யா இருக்கு."

"மன்னரின் பெயர் என்ன?"

"நிலந்தாங்கி மகராசா."

"நிலத்தைத் தாங்குகிறவர் அவர். நிலத்தின் மேல் நீ ஒரு பானையை வைத்தால் அந்தப் பாரத்தையும் அவரல்லவா தாங்க வேண்டியிருக்கிறது? வயதில் மூத்தவரை இப்படி வருத்தலாமா?"

குருவம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அபராதம் கட்டினாள். மறுநாள் முதல் பானையைத் தரையில் வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்று விற்றாள். மாசானம் இருப்புச் சட்டியையும் அடுப்பையும் ஒரு பலகையில் வைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டான். நெஞ்சு வெந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. நிற்பவரின் கால்களும் நிலத்தின் மேல்தான் இருக்கின்றன என்பது ஆய்வில் தெரியவந்ததால், அடுத்த வாரம் நிற்பதும் குற்றமாக அறிவிக்கப்பட்டது. நடக்கலாம். நடப்பவர் வழிப்போக்கர், வழிப்போக்கரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஆகவே அவர்கள் நடந்தார்கள். குருவம்மாள் பானையோடு கிழக்கு வாசலிலிருந்து தேர்முட்டி வரை நடப்பாள், திரும்பி நடப்பாள். சாரவேலைக்காரர்கள் சிரட்டையை நீட்டிக்கொண்டு அவளோடு கூடவே நடந்தார்கள். ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது. வீதியை அசுத்தப்படுத்தியதற்காக அதற்கும் தனியாக அபராதம் போட்டார்கள். தானிய மண்டி அம்பலவாணர் தன் வீட்டு மாடத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீதியிலேயே பெரிய வீடு அவருடையது.

"இப்போதுதான் நம் வீதிக்கு ஒரு சுறுசுறுப்பு வந்திருக்கிறது" என்று அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

நடந்து விற்றும் கூழ் தீர்ந்தது. அது சொல்லழகருக்குப் பெரிய மனக்கவலையைக் கொடுத்தது. விற்பவர்களை மட்டும் தண்டித்தால் போதாது, வாங்குகிறவர்கள்தான் அவர்களைக் கெடுக்கிறார்கள் என்று அவர் அவையில் உருக்கமாகப் பேசினார். வீதியில் வாங்கி உண்பவர், விற்பவரைக் காட்டிலும் இரு மடங்கு அபராதம் கட்ட வேண்டும் என்று முரசறைந்தார்கள். மறுநாள் காலையில் குருவம்மாளோடு யாரும் நடக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். சொரிமுத்து என்ற சாரக்காரன் மட்டும் கொஞ்சம் நின்றான். கூழைப் பார்த்தான், மூலையில் நின்ற காவலனைப் பார்த்தான்.

"வேண்டாம் தாயீ, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வெயில் ஏறும்போது அவன் எட்டாம் அடுக்கிலிருந்து விழுந்தான். குருவம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன்மேல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பெருவிரலில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. இருளப்பன் காலும் அப்படித்தான் இருந்தது. அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அரசு சும்மா இருக்கவில்லை. பசியோடு சாரத்தில் ஏறுவது தண்டனைக்குரிய குற்றம் என்று அன்றே சட்டம் வந்தது. சொரிமுத்து முதல் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டான். அவனுக்குரிய அபராதத்தை அவன் பெண்டாட்டியிடம் வசூலித்தார்கள்.

இதற்கு முன்பே, நடந்து விற்ற நாட்களிலேயே மாசானத்தின் பாடு தலைக்கு மேலே போயிருந்தது. அபராதம் கட்ட முடியாமல் முதலில் இருப்புச் சட்டி போயிற்று. அப்புறம் ஒருநாள் தண்டநாயகரின் ஆட்கள் வந்து அவன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வயதுப் பெண்கள் இருக்கிற வீடு. சுடலி ஒரு பழைய பாயைக் கட்டித் தொங்கவிட்டாள். காற்று அடித்தால் அது தூக்கிக்கொள்ளும். மாசானம் இரண்டு நாள் அந்த வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் தண்டநாயகர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கட்ட முடியாதவர்களுக்கும் அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. வீதிக் காவல் படையில் சேர்ந்துவிடு, கதவு திரும்ப வரும். வணிகர்களின் தந்திரங்கள் வணிகர்களுக்குத்தானே தெரியும்" என்றார். கறுப்புத் தலைப்பாகையும், பூண் போட்ட தடியும் கொடுத்தார்கள்.

சொரிமுத்து செத்த மறுநாள் குருவம்மாள் கூழை வழக்கத்தைவிட அதிகமாகக் காய்ச்சினாள். கிழக்கு வாசல் வீதிக்குப் போய், பழைய இடத்தில் பானையை நங்கென்று தரையில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாரவேலைக்காரர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

"குடிங்கடா. நடந்தாலும் அபராதம், நின்னாலும் அபராதம். உக்காந்தே கட்டுதேன். எவன் வந்து கேக்கான்னு பாப்போம்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் கூழ் ஊற்றினாள்.

தண்டநாயகர் மாசானத்தைத்தான் அனுப்பினார். அவன் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, எந்திரிச்சுப் போயிரு. நான் பாக்கலன்னு சொல்லிருதேன்."

"வீட்டுக் கதவு வந்துட்டாடே?"

மாசானம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான்.

"கேக்கேன்லா? சொல்லு."

"ரெட்டைக் கதவுல ஒத்தைக் கதவு குடுத்திருக்காக."

"இன்னொண்ணு?"

அவன் பானையைப் பார்த்தான். "இன்னிக்கு இதை உடைச்சாத் தாராகளாம்."

குருவம்மாளுக்கு அவன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. கறுப்புத் தலைப்பாகையைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. பிறகு பாய் தொங்குகிற அந்த வாசலை நினைத்துக்கொண்டாள். மீதிக் கூழை எல்லாருக்கும் ஊற்றினாள். அடியில் தங்கியிருந்ததை வழித்து ஒரு சிரட்டையில் மாசானத்துக்கு நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அதையும் ஒரு கிழவனுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் பானையை அவன் காலடியில் தள்ளினாள்.

"உடை."

"அக்கா..."

"உடைடே. புள்ளைக வாசலுக்குக் கதவு வேணும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். முதல் அடி விலகி மண்ணில் விழுந்தது. இரண்டாவது அடியில் பானை நாலாகப் பிளந்தது. மாடத்தில் இருந்த அம்பலவாணர், சட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதைக் கண்டு திருப்தி அடைந்தார். குருவம்மாள் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் அவள் எட்டாம் அடுக்கில் சித்தாளாகச் சேர்ந்து, சுண்ணாம்புச் சட்டி தூக்கினாள்.

சில மாதங்களில் நிமிர்கோட்டையில் வீதி வணிகர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. பாதிப் பேர் ஊரை விட்டுப் போனார்கள். மீதிப் பேர் காவல் படையில் இருந்தார்கள். பிடிக்க ஆள் இல்லாததால் அவர்கள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் குடவோலை ஆண்டு வந்தது. மன்னர் எளியவர்களின் தோழர் என்பதை மக்களுக்கு நினைவூட்டுவது நல்லது என்று அவையில் முடிவாயிற்று. மாமன்னர் வீதியில் சாதாரண மனிதரைப் போல அமர்ந்து ஒரு ஏழைப் பெண்ணின் கையால் கூழ் வாங்கிக் குடிப்பார். அதை அரண்மனை ஓவியர்கள் வரைவார்கள். அந்த ஓவியம் ஊர் ஊராகப் போகும். ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் ஊரில் கூழ் விற்க ஒருத்தியும் இல்லை என்பது தெரிந்தது. சொல்லழகர் தண்டநாயகரைப் பார்த்தார். தண்டநாயகர் மாசானத்தைப் பார்த்தார்.

மாசானம் சாரத்தின் அடிக்கு வந்து அண்ணாந்து கூப்பிட்டான். குருவம்மாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அவள் கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து வெடித்திருந்தன.

"ராசாவுக்கே நீதான் ஊத்தணுமாம்க்கா. பழைய இடத்துலயே. வாரேன்னு சொல்லு. இல்லைன்னா..." என்று இழுத்தான்.

"இல்லைன்னா ஒன் கதவைக் கழத்திருவாக. தெரியும். வாரேன் போ."

கிழக்கு வாசல் வீதியைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். அரண்மனைக் குயவர் செய்த பானை ஒன்று வந்தது. கூழும் அரண்மனையிலேயே தயாரானது. பாலும் ஏலக்காயும் சேர்த்திருந்தார்கள், கேப்பை கொஞ்சம்தான். புதுச்சேலை கொடுத்தார்கள். அது மிகவும் புதிதாகத் தெரிந்ததால் கல்லில் தேய்த்துப் பழசாக்கிக் கொடுத்தார்கள். மன்னர் நலம் விசாரித்தால், 'உங்கள் ஆட்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மகாராஜா' என்று சொல்ல வேண்டும் என்று சொல்லழகர் அவளைப் பலமுறை சொல்லவைத்துப் பழக்கினார்.

மன்னர் வந்தார். முக்காலியில் அமர்ந்தார். ஓவியர்கள் தூரிகையை எடுத்தார்கள். குருவம்மாள் சிரட்டையில் கூழ் ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, வீதியெல்லாம் கேட்கும்படியாகக் கேட்டார்.

"நலமாக இருக்கிறாயா அம்மா?"

குருவம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்த வாசகம் நன்றாக நினைவில் இருந்தது. ஆனால் அந்தச் சிரட்டையை அவர் பிடித்திருந்ததைப் பார்த்தபோது, சொரிமுத்து அதைத் தொடாமல் போனது கண் முன்னால் வந்தது.

"நல்லாக் குடிங்க ராசா. ஆனா ஒண்ணு. வீதியில வாங்கிக் குடிச்சா ரெண்டு மடங்கு அபராதம்னு நீங்கதான் சட்டம் போட்டிருக்கிய. அதுக்குப் பயந்து குடிக்காமப் போனவன் ஒருத்தன் மேலருந்து விழுந்து செத்துட்டான். அவன் பெண்டாட்டிக்கிட்ட வசூல் பண்ணுனாக. உங்ககிட்ட வந்து வசூல் பண்ணப்போறது யாரு?"

தூரிகைகள் நின்றன. மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தண்டநாயகரைப் பார்த்தார். தண்டநாயகர் திரும்பிப் பார்த்த இடத்தில் மாசானம் நின்றான். அவனுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கு யாரும் இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சொல்லழகர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அறியாப் பெண் கேட்கிறாள், மன்னா. கேட்டதும் நல்லதுதான். மாமன்னர் எங்கே இருக்கிறாரோ அதற்குப் பெயர் அரண்மனை. இது தொன்றுதொட்டு வரும் மரபு. தாங்கள் இங்கே எழுந்தருளிய அந்தக் கணமே இந்த இடம் வீதியாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. ஆகவே தாங்கள் வீதியில் எதையும் வாங்கவில்லை. தங்கள் அரண்மனையில் அமர்ந்து தங்கள் கூழைத்தான் அருந்தினீர்கள்."

மன்னரின் முகம் மலர்ந்தது. "நான் நிற்கும் இடமெல்லாம் அரண்மனையா?"

"ஆம் மன்னா. இத்தனை நாளும் தாங்கள் அடக்கத்தினால் கவனிக்காமல் இருந்துவிட்டீர்கள்."

தண்டநாயகருக்கு உடனே தம் கடமை நினைவுக்கு வந்தது. "அப்படியானால் இந்தப் பெண் அரண்மனைக்குள் அனுமதியின்றிப் புகுந்து பானை வைத்திருக்கிறாள்."

"நான் எங்கய்யா புகுந்தேன்? நீங்கதானே கூட்டிட்டு வந்திய?"

"உன்னை வீதிக்குத்தான் அழைத்தோம். நீ அரண்மனைக்குள் இருக்கிறாய்."

அன்று பொழுது சாய்வதற்குள் அவளை நகர எல்லை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தால் கை போய்விடும் என்று சொன்னார்கள். மாசானம்தான் படகுத்துறை வரை கூட வந்தான். வழியில் அவன் அழுதான். குருவம்மாள் அழவில்லை.

"சுடலிகிட்டச் சொல்லு, மூத்தவளை இந்த வருசமே கட்டிக் குடுக்கச் சொல்லு. அந்தக் கதவை நம்பாதிய" என்று மட்டும் சொன்னாள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வண்டிப்பேட்டை இருந்தது. அயலூர் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துப் போட்டுத் தங்குகிற இடம். அங்கே ஒரு புளியமரத்தடியில் அவள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள்.

நகரத்தில் மன்னர் புதிதாகக் கண்டறிந்த உண்மையில் பெரிதும் ஈடுபட்டிருந்தார். பல்லக்கை விட்டுவிட்டு நடந்தே வாக்குக் கேட்கத் தொடங்கினார். மாமன்னர் நம் தெருவுக்கு நடந்து வருகிறார் என்று மக்கள் பூரித்துப்போனார்கள். தோரணம் கட்டினார்கள். வாழைமரம் நட்டார்கள். அம்பலவாணர் ஒரு படி மேலே போய், மன்னரை வற்புறுத்தித் தம் வீட்டுக்குள்ளேயே அழைத்துவந்து, கூடத்து ஊஞ்சலில் உட்காரவைத்து, பாதத்தில் பூப் போட்டார். அறை அறையாகச் சுற்றிக் காட்டினார். மறுநாள் தண்டநாயகர் அவர் வீட்டுக்கு வந்து, அரண்மனைக்குள் இத்தனை காலமாக எந்த அனுமதியின் பேரில் குடியிருக்கிறீர்கள் என்று மரியாதையாக விளக்கம் கேட்டார்.

மன்னர் கடைசித் தெருவையும் நடந்து முடித்தபோது நிமிர்கோட்டை முழுவதும் அரண்மனையாகியிருந்தது. குடவோலை நாளில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. அரண்மனைக்குள் இருப்பவர்கள் ஒன்று பணியாளர்கள், அல்லது ஆக்கிரமிப்பாளர்கள். இருவருக்குமே வாக்கு கிடையாது. எனவே தகுதியுள்ள ஒரே குடிமகனான நிலந்தாங்கி, வரிசையில் பொறுமையாக நின்று தம் ஓலையைக் குடத்தில் போட்டார். ஒரு வாக்குகூட எதிராக விழவில்லை, ஒரு வாக்குகூடச் செல்லாததாகவில்லை, தகுதியுள்ள அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் இதுவே என்று சொல்லழகர் நாத்தழுதழுக்க அறிவித்தார்.

அதற்குப் பிறகு வெளியேற்றம் தொடங்கியது.

படகு படகாக ஆட்கள் வந்து அக்கரையில் இறங்கினார்கள். பட்டு வேட்டி, வெள்ளிச் செம்பு, சுருட்டிய கம்பளம். ஒரு வீட்டார் ஊஞ்சல் பலகையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அது அம்பலவாணர் குடும்பம். வெயிலில் வந்து, எங்கே போவதென்று தெரியாமல் புளியமரத்தடியில் கூடினார்கள். குழந்தைகள் பசியில் கத்தின. குருவம்மாள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இருந்த மாவையெல்லாம் கரைத்துக் காய்ச்சினாள். அம்பலவாணருக்கும் ஒரு சிரட்டை நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். அன்று அவள் குடிக்க மிச்சம் இல்லை.

அடுத்து வந்த படகில் மாசானம் வந்தான். தலைப்பாகை இருந்தது, தோளில் முரசு மாட்டியிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கரையில் நின்று முரசை அடித்துவிட்டு, மாமன்னர் நிலந்தாங்கி நாளைக் காலை ஆற்றைக் கடந்து அக்கரையைப் பார்வையிட எழுந்தருளுகிறார் என்று கூவினான். பிறகு முரசை இறக்கி வைத்துவிட்டுக் குருவம்மாள் பக்கம் வந்தான்.

"எம்புட்டுத் தூரம்டே வருவாரு?"

"அவரு காலு எம்புட்டுத் தூரம் போகுதோ அம்புட்டுத் தூரம்க்கா."

"எவனும் மறிக்க மாட்டானா?"

மாசானம் பதில் சொல்வதற்குள் மரத்தடியில் பெரிய ஆரவாரம் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் முகமெல்லாம் மாறியிருந்தது. மன்னர் வருகிறாராம்! தங்களைத் தேடிக்கொண்டு இவ்வளவு தூரம், அதுவும் நடந்தே வருகிறாராம்! அம்பலவாணர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, வாழைமரத்துக்கு யாரை அனுப்பலாம், மாவிலை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஊஞ்சல் பலகையைக் கழுவி ஆசனமாகப் போடலாம் என்று அவர் மனைவி யோசனை சொன்னாள். அம்பலவாணர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை அடுப்பில் வந்து நின்றது. மாசானத்தைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"காவலரே, மன்னர் வரும் வழியில் இந்த அடுப்பும் பானையும் புகையும் பார்ப்பதற்கு நன்றாகவா இருக்கிறது? இவளுக்கு இங்கே உட்கார யார் அனுமதி கொடுத்தது? அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யும்."

மாசானத்தின் கை தடியை இறுக்கிப் பிடித்தது. அவன் அம்பலவாணரைப் பார்த்தான். அவர் மீசையில் கூழ் இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது.

குருவம்மாள் அவன் கையைத் தொட்டு இறக்கிவிட்டாள். அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சூடு ஆறுகிற வரைக்கும் காத்திருந்து பானையைத் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டித்தடத்தில் மேற்கே நடக்கத் தொடங்கினாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தோரண வேலை இருந்தது.

ஒரு பெண் மட்டும், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள். "கூழ்க்காரி போகிறாளே, நாளைக் காலையில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?"

"அதற்கென்ன?" என்றார் அவர், மாவிலையைக் கயிற்றில் கோத்தபடியே. "மன்னர்தான் வருகிறாரே!"